மானுக்கு விதைக்கும் முன்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன். பிஎச் 5.2, அதாவது நல்ல அமில மண் (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்). அமெரிக்க ஜார்ஜியாவின் செம்மண், அதுவும் பைன் மரம் வெட்டிய இடம் என்றால் அப்படித்தான் இருக்கும். நம் கோத்தகிரித் தேயிலைக்கு அது நல்ல மண். வேட்டைக்கு மான் வந்து மேயட்டும் என்று நீ போட நினைக்கிற வெள்ளை குளோவர் தீவனப் பயிருக்கு ஆகாது. அதற்கு 6-க்கு மேலே வேண்டும்.

அதனால் விதையும் உரமும் இப்போது வாங்காதே. 5.5-க்குக் கீழே போகப் போக மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து, வேர் நீளாமல் குட்டையாக நின்றுவிடும். நீ போடும் பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கிற பாக்டீரியாவும் சரியாகப் பெருகாது. உரக்காசு மண்ணோடு போகும்.

முதல் செலவு, அமிலத்தைக் குறைத்து பிஎச்சை ஏற்றுகிற சுண்ணாம்புக்கல் தூளுக்குத்தான். சுவருக்கு அடிக்கிற சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், கையைப் பொசுக்கிவிடும். ஏக்கருக்கு 2 டன் என்று அறிக்கையில் இருக்கிறது. உன் அரை ஏக்கருக்கு 1 டன், அதாவது 50 பவுண்டு மூட்டை 40. முதுகுக்குப் பயந்து ஐந்தாறு மூட்டையோடு நிறுத்திவிடாதே, பிஎச் அசையாது. குருணையாக விற்பது தூவ எளிது, அவ்வளவுதான். ஒரு மூட்டை பத்து மூட்டைக்குச் சமம் என்று கடையில் சொன்னால் நம்பாதே. உன் மண்ணில் மெக்னீசியமும் குறைவாக இருப்பதால், மெக்னீசியம் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட்டாகவே வாங்கு. ஜிப்சம் வாங்கி வந்துவிடாதே. அதில் கால்சியம் உண்டு, பிஎச் ஏறாது.

மேலே தூவிவிட்டால் மட்டும் போதாது, கீழே இறங்க வருஷக்கணக்காகும். டிஸ்க் கலப்பை போட்டு 6 அங்குலம் வரை கலந்துவிடு. அப்புறமும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். இந்த மார்ச்சிலேயே போட்டால் இலையுதிர் காலத்தில் குளோவர் விதைக்கலாம். (விதைப் பையில் பெரிய கொம்பு மான் படம் இருக்கும். அந்தப் படத்துக்கும் சேர்த்துத்தான் விலை.) ஒருவேளை அதற்குள் பிஎச் போதிய அளவு ஏறவில்லை என்றால், முதல் வருஷம் ரை தானியம் போடு, அது அமிலத்தை ஓரளவு தாங்கும்.

தீனி போட்டு வரவழைத்து அதையே சுடுவதா என்று அம்மா கேட்கிறாள். அந்த வழக்கை நீயே அவளிடம் பேசித் தீர்த்துக்கொள்.

யூரியா போடப் போட மண் மறுபடி அமிலமாகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நிலத்தில் 15, 20 இடத்தில் மண் எடுத்துக் கலந்து கவுன்ட்டி எக்ஸ்டென்ஷன் (வேளாண் விரிவாக்க) அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடு.

சுண்ணாம்புக்கல் தூளை மூட்டையாக வாங்குவதைவிட லாரியில் கொண்டுவந்து கொட்டினால் மலிவு. உன் காட்டுப் பாதையில் லாரி நுழையுமா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா