மருந்துக்கடையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ வந்தால் நம்மில் பலர் முதலில் போவது தெருமுனை மருந்துக்கடைக்குத்தான். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக என்று கடையில் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளின் அருமையைச் சென்ற ஆண்டு என் தாயார் படுக்கையில் கிடந்தபோதுதான் உணர்ந்தேன்.

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்காக அவருக்கு டிரமடால் மாத்திரை கொடுத்துவந்தோம். ஒரு வாரத்துக்கும் மேலாக மலம் கழியாமல் இருந்தவருக்குத் திடீரென்று நீர் நீராகக் கசியத் தொடங்கி, நாளுக்கு நான்கைந்து முறை விரிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டருகே இருந்த கடையில் ஒன்றும் கேட்காமல், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைக் கொடுத்தார்கள். மறுநாளும் நிற்காததால் பேருந்து நிலையத்தருகே வேறொரு கடைக்குப் போய் அதே மாத்திரையைக் கேட்டேன். அங்கிருந்த மருந்தாளுநர் பெண்மணி, எடுத்த மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இதற்கு முன்னால் எத்தனை நாள் போகாமல் இருந்தார்கள்? வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார்களா?" என்று கேட்டார். நான் சொன்னதும் பட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். வலி மாத்திரையால் இறுகி அடைத்த மலத்தின் ஓரமாக நீர் வழிவதாக இருக்கலாம், இந்த மாத்திரை அடைப்பை இன்னும் மோசமாக்கும், இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். மருத்துவர் பரிசோதித்து அதையே உறுதி செய்து எனிமா கொடுத்த பிறகுதான் அம்மாவின் வயிறு இளகியது.

அதன் பிறகு அந்தக் கடைக்கே போய்வருகிறேன். குழந்தைக்குப் போக்கு என்று வருபவரிடம் அவர் முதலில் எடுத்துக் காட்டுவது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவினால் உப்பின் அளவு தவறிப்போகும் என்று விளக்குகிறார். மருத்துவர் எழுதிய துத்தநாக மருந்தைப் போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் கொடுக்கச் சொல்கிறார். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தாலும், குழந்தை கண் குழிந்து சோர்ந்து கிடந்தாலும், மருந்து எதுவும் தராமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் காலராவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலால்தான் என்பதை நினைத்தால், சில ரூபாய்ப் பொட்டலத்தை அலட்சியம் செய்துவிட்டுச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்கும் நம் பழக்கம் வருத்தம் தருகிறது.

மலச்சிக்கல் என்று வருபவரிடம், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதே அவருடைய முதல் கேள்வி. இரும்புச்சத்து மாத்திரையால் சிரமப்பட்ட கர்ப்பிணி ஒருவரிடம், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுமாறு அறிவுறுத்தியதைப் பார்த்தேன். இசப்கோல் உமியை ஒரு டம்ளர் நிறைய நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், நீர் போதாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். வயதானவருக்கு மலம் கழிக்கும் வழக்கம் புதிதாக மாறினாலோ எடை குறைந்தாலோ, பேதி மாத்திரையைக் கொடுத்து நாள் கடத்த அவர் சம்மதிப்பதில்லை.

இது அவருடைய தனிப்பட்ட நல்ல குணம் மட்டுமன்று. நோயாளிக்கு ஆலோசனை கூறுவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்முறை ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. ஆனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் கடையில் இல்லாத நிலையையும் பார்க்கிறோம். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் மருந்தாளுநர் இருக்கிறாரா என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குறிப்பாக மாலை நேரங்களில், நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவாரூர்.