பதினொரு மணி வைத்தியம்: தமிழ்த் தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் போனைப் பார்த்தபடி நிற்கும் பையன்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கடைசிப் பெண்மணியும் போன பிறகு வருவார்கள். முதலில் ஒரு தலைவலி மாத்திரை. அப்புறம் குரலைத் தணித்து, "அண்ணே, நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது இருக்கா?" கல்லூரியில் படிக்கிற பையன். பேச்சுக் கொடுத்தால் மெல்ல வெளியே வரும். கைப்பழக்கம் இருந்ததாம், தூக்கத்தில் விந்து போகிறதாம், இனி கல்யாணத்துக்கு லாயக்கில்லையாம். யார் சொன்னது? "டிவில டாக்டர் சொன்னாருண்ணே."

இரவு பதினொரு மணிக்கு மேல் நீங்கள் விற்கும் அரைமணி நேரத்தைத்தான் சொல்கிறான். ஒரு வைத்தியர், மேசை நிறைய லேகிய டப்பாக்கள், போனில் அழும் குரல் ஒன்று, கீழே ஓடும் எழுத்தில் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் கேம்ப் என்ற விவரம். இவர்களை வைத்து நாம் மீம் போட்டுச் சிரித்தாயிற்று. சிரிக்கத் தெரியாமல் தனியாகப் பார்க்கிறவன்தான் என் கடைக்கு வருகிறான்.

அந்த நிகழ்ச்சி மருந்தை விற்பதற்கு முன்னால் நோயை விற்கிறது. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து என்பது அதன் மூலதனம். உண்மையில் உடம்பு அதைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவது அந்த வயதின் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது. தளர்வது மனசு. தாது போய்விட்டது என்ற பயத்திலேயே சோர்ந்து, தூக்கம் கெட்டு வருகிறவர்களைப் பார்த்து, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இலேயே அதற்கு 'தாத் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். பயத்துக்குப் பெயர் வைத்தும் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் இன்னும் அதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

'இதில் வரும் கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி போடுகிறீர்களே, 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம். ஆண்மைக் குறைவுக்கும், உடலுறவு இன்பத்தைக் கூட்டவும் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை. விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு அது தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யப்படும் எந்த அறிவிப்பும். சென்னைக்கு டிவி வந்தது 1975இல். அதற்கு இருபத்தோரு வருடம் முன்னாலேயே புகையைக்கூட யோசித்திருக்கிறார்கள்! விளம்பரத்தை வெளியிடுவதில் எந்தப் பங்கும் வகிக்கக் கூடாது என்றுதான் தடையே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் ஒரு வரி அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்று உங்கள் வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம்கூட அப்புறம்தான். எனக்கு உறுத்துவது வேறு. எட்டு மணி சீரியலில் கல்யாணம், முதலிரவு, குழந்தையில்லை என்ற வசவு எல்லாம் வரும். உடம்பைப் பற்றி ஒரு நேரான வாக்கியம் வராது. வீட்டிலும் வராது. வகுப்பில் அந்தப் பாடத்தை 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று தாண்டிவிடுவார்கள். ஆக, ஒரு இளைஞனிடம் அவன் உடம்பைப் பற்றி முகம் பார்த்துப் பேசும் ஒரே ஆள், காசு கொடுத்து உங்களிடம் நேரம் வாங்கியவர். அந்த அரைமணியை நிறுத்துங்கள். முடிந்தால், வீடே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாரம் ஒரு பத்து நிமிடம் ஒரு சிறுநீரக மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பேச விடுங்கள். விற்க எதுவும் இல்லாத ஆளாக இருக்கட்டும்.

போன மாதம் வந்த ஒரு பையனிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். உனக்கு ஒன்றுமில்லை, சந்தேகமென்றால் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேள், லேகியத்தில் காசைக் கொட்டாதே என்றேன். தலையாட்டினான். தலைவலி மாத்திரைக்குக் காசு கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பிச் சொன்னான்: "இல்லண்ணே, நீங்க கடைக்காரர். அவரு டிவில வர்றாரு."

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்