கடைசி மாதங்களில் ஒரு ஸ்கேன் வேண்டி மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம்.
அனுப்புநர்: வேதாரண்யம் வட்டத்து விவசாயி (பெயர், முகவரி தனித்தாளில்).
பொருள்: எட்டாம் மாதத்தில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கைக்கு இது தலைப்பிரசவம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்புறம் வயிறு மாதத்துக்கு மீறி ஏறியது. இரட்டைப் பிள்ளை என்றார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். 32 வாரத்தில் வயிற்றை நாடா வைத்து அளந்து, வாரத்துக்கு மீறிய அளவாக 37 சென்டிமீட்டர் என்று தாய் சேய் அட்டையில் குறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. சம்பா நடவு நேரம், நாங்களும் கேட்கவில்லை.

வலி எடுத்துப் பத்து மணி நேரமாகியும் தலை இறங்கவில்லை. நள்ளிரவில் 108 வண்டியில் ஏற்றி வெளியூர் கொண்டு போனோம். அங்கே ஸ்கேன் வைத்த பிறகுதான் குழந்தையின் மூளையில் கட்டி இருப்பதும், நீர் கோத்துத் தலை பெருத்திருப்பதும் தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பிள்ளை இரண்டு நாள் இருந்தான். தங்கைக்கு மூன்று யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

அங்கிருந்த மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். இது அரிதான நோய், அதில் டெரட்டோமா என்ற, பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டிதான் அதிகம். ஐந்தாம் மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் கண்ணில் படும். குழந்தை சரியாக விழுங்காமல் போனால் பனிக்குட நீர் பெருகி வயிறும் பெருக்குமாம். முன்பே தெரிந்திருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றுவது கடினம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் தலையின் அளவு தெரிந்திருந்தால் பத்து மணி நேரம் முக்க விட்டிருக்க மாட்டார்கள். எங்கே, எந்த நாளில், எப்படிப் பிரசவம் பார்ப்பதென்று முன்பே பேசி வைத்திருக்கலாம்.

ஆகவே 32 வாரத்தை ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்து, தலைச் சுற்றளவையும் நீரின் அளவையும் அட்டையில் எழுதச் செய்யுங்கள். எல்லோருக்கும் முடியாதென்றால், வயிறு வாரத்துக்கு மீறியவர்களுக்காவது இரண்டே நாளில் எடுக்க வேண்டும். சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேதியும் வண்டியும் அரசுத் தரப்பிலேயே ஏற்பாடாகட்டும். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில் வருவது எங்களுக்குப் பழகிப்போனது, இதையும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரம் தாண்டிய பிறகும் கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழுவிடம் போகலாம். குழு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது. கலைப்பதும் சுமப்பதும் தாயின் முடிவு. இப்படி ஒரு வழி இருப்பதைக் கிராம சுகாதார செவிலியர் மூலமாவது சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

தாய் சேய் அட்டையின் நகலும் ஸ்கேன் அறிக்கைகளும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்