தோலில் விழும் ஓட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தில், குளிர் இன்னும் விட்டபாடில்லை. மகள் கல்லூரிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அதனால் சனிக்கிழமைகளில் பக்கத்துப் பண்ணைப் பெரியவரோடு கயோட்டி (ஓநாய் இனத்துச் சின்ன மிருகம்) வேட்டைக்குப் போய்விடுகிறேன். அவர்தான் சுடுவார். நான் பைனாகுலரும் கையுமாகப் பனியில் உட்கார்ந்து நடுங்குவேன், அவ்வளவுதான்.

"சுட்ட தோலை எவன்டா வாங்குவான்?" என்று கேட்டிருந்தாய். பூச்சி கடித்த தடத்தைப் பார்த்தே தோலின் தரத்தைக் குறைக்கிற ஆம்பூர்க்காரன் வேறு என்ன கேட்பாய்! ஆனால் உங்கள் தொழிலில் தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடியை எடுத்துவிடுகிறீர்கள். இங்கே முடிதான் சரக்கு. சின்ன ஓட்டையை உள்பக்கத்திலிருந்து தைத்துவிட்டால் முடி அதை மூடிக்கொள்ளும். பெரிய கிழிசல் என்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்துத்தான் தைக்க வேண்டும். தோலின் அகலம் குறையும், விலையும் இறங்கும்.

சட்டச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருந்தாய். உன் ஊரில் நரியைத் தொட்டால் உள்ளே போக வேண்டியதுதான். இங்கே கயோட்டியை வருஷம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. தனியார் நிலமென்றால் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். பெரியவர் ஆடு வளர்ப்பவர். குட்டி போடும் காலத்தில் கயோட்டி அவருக்கு என்ன நஷ்டம் வைக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் சுடப்போகிற மிருகம், தோலை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முடி அடர்ந்திருக்கும் குளிர்காலத் தோலுக்குத்தான் மதிப்பு. அதிலும் மொன்டானா பக்கத்து வெளிர்நிறத் தோலுக்குக் கிராக்கி அதிகம்.

இனி குண்டு விஷயம். நானும் உன்னைப் போலத்தான், சின்னத் துப்பாக்கி என்றால் சின்ன ஓட்டை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே போகிற ஓட்டை எப்படியும் சின்னதுதான். ஊதி முடியைப் பிரித்துத் தேடினால்தான் அகப்படும். தோலைக் கெடுப்பது வெளியே வருகிற ஓட்டை. அதனால் இவர்கள் தேடுவது, உள்ளே போனதும் நொறுங்கி அங்கேயே தங்கிவிடுகிற குண்டை. மெல்லிய செப்பு உறை, உள்ளே ஈயம், நுனியில் ஒரு பிளாஸ்டிக் மூக்கு. பட்டவுடன் அந்த மூக்கு ஈயத்துக்குள் இறங்கிக் குண்டைப் பிளந்துவிடும். வி-மாக்ஸ், பாலிஸ்டிக் டிப் என்பதெல்லாம் இந்த ஜாதி.

ஆனால் ஒரே குண்டு எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பெரியவரின் பழைய துப்பாக்கி .22-250 என்கிற ரகத் தோட்டா போடுவது. 55 கிரெயின் குண்டு, அதாவது சுமார் மூன்றரை கிராம், குழாயை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு ஏறக்குறைய 3,680 அடி வேகம். முந்நூறு கஜத்துக்கு அப்பால் கச்சிதமாக வேலை செய்கிற அதே குண்டு, முப்பது கஜத்தில் தோள் எலும்பில் பட்டால் மேலேயே வெடித்துவிடும். போன மாதம் அப்படி ஒன்றைக் கொட்டகையில் உரித்தார். உட்புறத்தைத் திருப்பிப் போட்டால் ஓட்டை என்று சொல்ல ஒன்றுமில்லை, உள்ளங்கை அகலத்துக்குத் தோலே காணோம். சுற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பெரியவர் எதுவும் பேசாமல் அதைத் தனியாக எடுத்து வைத்தார். நீ பார்த்திருந்தால் திட்டியே தீர்த்திருப்பாய்.

இப்போது அவர் அதிகம் எடுப்பது .204 ரூகர் என்கிற ரகத் துப்பாக்கி. 2004இல் வந்தது, குழாயின் விட்டம் ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் 32 கிரெயின் குண்டு வினாடிக்கு 4,200 அடிக்கு மேல் வேகத்தில் பறக்கும், 40 கிரெயின் குண்டு 3,900 அடி வேகத்தில். வேகத்தைப் பார்த்து எல்லோரும் முதலில் 32ஐத்தான் வாங்குகிறார்கள். பெரியவர் 40தான் சரி என்கிறார். இலேசான குண்டு எலும்பில் பட்டு ஆழம் போகாமலே உடைந்துவிடும், கொஞ்சம் கனம் இருந்தால் நெஞ்சுக்குள் போய் உடையும். நான் பார்த்தவரை அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. .17 ரெமிங்டன் என்று இன்னும் சின்னது ஒன்று 1971இலேயே வந்துவிட்டது. 25 கிரெயின் குண்டு, தோலில் தடமே தெரியாது என்று அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆனால் இந்த ஊர்க் காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும், குழாயும் சீக்கிரம் அழுக்காகும். புதிதாக வாங்குகிறவனுக்கு .223 ரகத் துப்பாக்கி போதும் என்பது என் எண்ணம். வேகம் குறைவு, அதனால் கிட்டத்திலும் அவ்வளவு சேதம் செய்யாது. தோட்டாவும் மலிவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குண்டைச் சுழலவைக்கக் குழாயின் உள்ளே வெட்டியிருக்கிற வரிகளின் முறுக்கு அதிகமாக இருந்தால், மிக மெல்லிய உறையுள்ள குண்டு சுழலும் வேகத்தில் போகிற வழியிலேயே சிதறிவிடும்.

உடையாத குண்டைப் போட்டால் இரண்டு பக்கமும் சின்ன ஓட்டையோடு முடிந்துவிடுமே என்று நீ எழுதியிருந்தாய். ராணுவத்தில் போடுகிற முழு உறைக் குண்டு அப்படித்தான் துளைத்துக்கொண்டு போகும். ஆனால் மிருகம் அடிபட்டு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். தோலும் போச்சு, பாவமும் சேர்ந்தது. கிட்டத்தில் சில சமயம் அதுவும் உள்ளே புரண்டு உடைந்துவிடும், அப்புறம் வெளியே வருகிற ஓட்டை சின்னதாக இருக்காது. கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. பெரியவர் அதைத் தொடவே மாட்டார். கயோட்டி பக்கவாட்டில் நின்றால் தோளுக்குச் சற்றுப் பின்னால் சுடுவார். அது தோளைக் காட்டிச் சாய்வாக நின்றால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். எந்தக் குண்டு என்பதைவிட இந்தப் பொறுமைதான் தோலைக் காப்பாற்றுகிறது என்று எனக்குப் படுகிறது.

எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் ஈயம். குண்டு நொறுங்குகிறது என்றால் ஈயத் துகள் முழுக்க உடலில்தானே தங்கும்? உரித்த உடலை வெளியே போட்டால் கழுகு வந்து தின்கிறது. அமெரிக்காவில் 38 மாநிலங்களின் கழுகுகளைச் சோதித்து 2022இல் ஒரு ஆய்வு வந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்ததாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பும் தகரமும் பொடியாக அடைத்த குண்டு வருகிறது, அதுவும் நன்றாகவே நொறுங்கும். பெரியவரிடம் சொன்னேன், "விலையைப் பார்த்தாயா?" என்றார். ஆனால் இப்போது மிச்சத்தைப் புதைக்கிறார். உறைந்த மண்ணில் குழி தோண்டுவது என் வேலையாகிவிட்டது.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், முன்பிருந்த விலைகூட இப்போது இல்லை. குளிர்கோட்டின் தொப்பி ஓரத்துக்குக் கயோட்டி முடி வைத்துத் தைத்த கனடா கூஸ் கம்பெனி 2021இல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதோடு சந்தை படுத்துவிட்டது. பெரியவர் அசரவில்லை, பேரப்பிள்ளைகளுக்குத் தொப்பி தைக்கிறேன் என்று தானே வீட்டில் பதனிட ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் நீ வேண்டும். படிகாரமும் உப்பும் கரைத்து ஊறவைக்கிறார். காய்ந்ததும் தோல் அட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது, கழுத்துப் பக்கம் முடியும் உதிர்கிறது. ஊறவைக்கிற நேரம் போதவில்லையா, உள்பக்கக் கொழுப்பைச் சரியாகச் சுரண்டவில்லையா, எண்ணெய் எப்போது தேய்க்க வேண்டும்? உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். சீக்கிரம் பதில் போடு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்கிறார்.

அன்புடன்,
மச்சான்