கட்டைப் பிரிக்காதே

அன்புள்ள கணேசா,

நலம். பேத்தி பிறந்த செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

அந்தப் பழைய மளிகைக்கடைக்காரர் வீட்டிலிருந்து உன் நூலகத்துக்கு மூன்று கட்டுக் காகிதம் வந்திருப்பதாகவும், கடிதம் தனி, கணக்கு தனி, பத்திரம் தனி என்று பொருள்வாரியாக அடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேண்டாம்.

என்னைப் போன்ற ரெக்கார்ட் ரூம்காரனுக்குக் கருவி கொடுத்ததே உங்கள் நூலக ஆட்கள்தான், அதை மறுக்கவில்லை. புத்தகங்களை எண்ணால் வகை பிரிக்கும் தசமப் பகுப்பைத் தந்த மெல்வில் டூயி 1876ல் நூலகச் சாமான் விற்க ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் பட்டியல் அட்டை வைக்கும் பெட்டிகளை வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வாங்க ஆரம்பித்தன. அதுவரை அங்கெல்லாம் காகிதத்தை மடித்து, முதுகில் குறிப்பெழுதி, மாடம் மாடமாகச் செருகி வைப்பார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதே கம்பெனி, காகிதங்களை நூலக அட்டை போல நிற்க வைக்கும் இழுப்பறையைக் காட்டியது. முப்பது வருடம் நான் இழுத்து மூடிய இரும்பு இழுப்பறை அதன் வாரிசு.

ஆனால் அடுக்கும் முறை வேறு. பிரான்சின் தேசியக் காப்பகத்தில் முதலில் நூலகம் மாதிரியே பொருள்வாரியாகத்தான் பிரித்தார்கள். எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் பிறந்தது என்பதே குழம்பிப்போனது. 1841ல் நத்தாலிஸ் தெ வாய்யி என்பவர் எழுதிய அரசுச் சுற்றறிக்கைதான், ஒரே இடத்தில் பிறந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது.

எனக்கு அது பட்டுத் தெரிந்த பாடம். நான் இருந்த ஓர் அலுவலகத்தில், ஒழுங்குபடுத்துகிறோம் என்று பழைய கட்டுகளைக் கலைத்து, வரைபடமெல்லாம் ஒரு பக்கம், மனுவெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். வாய்க்கால் தகராறுக்காக ஒரு பெரியவர் வந்தார். மூன்று நாள் தேடினேன். வரைபடம் கிடைத்தது. அதோடு இருந்த ஆட்சேபணை மனு கிடைக்கவே இல்லை. அந்த மனு இல்லாமல் வரைபடம் வெறும் கோடுதான். வெறுங்கையோடு அவர் படியிறங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புத்தகம் தனியாக நின்றாலும் பேசும். கோப்பு பக்கத்திலிருக்கும் காகிதத்தோடு சேர்ந்தால்தான் பேசும். அப்புறம், கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுகிறோம். ஓ.மு. என்றால் ஓராண்டு, ப.மு. என்றால் பத்து, நி.மு. என்றால் நிரந்தரம். எந்த நூலகராவது புத்தகம் வாங்கும்போதே அப்படி எழுதுவாரா?

அதனால், வந்தபடியே கட்டுகளை வைத்து, கட்டுக்கு ஓர் எண் மட்டும் போடு. பொருள்வாரியாகப் பிரிக்கும் ஆசையை உன் பட்டியல் அட்டையில் தீர்த்துக்கொள். எத்தனை தலைப்பில் வேண்டுமானாலும் அட்டை எழுது, எல்லாம் அந்தக் கட்டு எண்ணைக் காட்டட்டும்.

தை பிறந்ததும் வருகிறேன். அதுவரை கயிற்றை அவிழ்க்காதே. கரையான் மட்டும் வராமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ராமு