கன்றைத் துடைத்துக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலையீத்து மாடு, அதாவது முதல் கன்று ஈன்ற மாடு, கன்றை ஊட்ட விடாமல் உதைத்தால், 'ராசியில்லாத மாடு' என்று அடுத்த ஞாயிறே போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை மாட்டிடம் இல்லை. ஈன்ற முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் வேலையில் இருக்கிறது.

கன்று விழுந்ததும் சாக்கை எடுத்துப் பளபளவென்று துடைத்துவிடுகிறோம். பனிக்குட நீரின் வாசனைதான் மாட்டுக்கு அடையாளம். மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை மட்டும் வழித்துவிட்டு, ஈரத்தோடு மாட்டின் முகத்துக்கு நேரே கன்றைப் போடுங்கள். மாடு சோர்ந்து படுத்திருந்தால் அந்த நீரையே அதன் மூக்கில் தடவலாம். வேடிக்கை பார்க்கும் கூட்டமும் நாயும் அங்கே வேண்டாம்.

அப்படியும் நக்காவிட்டால் 2 கை தவிட்டில் ஒரு சிட்டிகை உப்புத் தூள் கலந்து கன்றின் முதுகிலும் வால் மூட்டிலும் தூவுங்கள். கன்று ஊட்டும்போது மாடு கழுத்தைத் திருப்பி மோந்து பார்ப்பது வால் பக்கத்தைத்தான்.

மாட்டை அடிக்கும் முன் மடியைப் பாருங்கள். விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றால் நீர் கோத்திருக்கிறது. கன்றுக்குப் பிறக்கும்போதே கீழ்வாயில் பல் உண்டு. வெடித்த காம்பில் அது பட்டால் எந்த மாடு சும்மா நிற்கும்? வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, சீம்பாலைக் கொஞ்சம் பீய்ச்சி மடியை இளக்கி, காம்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பால் திரிந்து வந்தாலோ, காது சில்லிட்டு மாடு தள்ளாடினாலோ கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள்.

பழக்கும்போது மாட்டைச் சுவரோரம் குட்டையாகக் கட்டி, முன்னால் தீவனம் வைத்து, பின்னங்கால்களுக்கு அணைக்கயிறு போடுங்கள். நாளுக்கு 3, 4 முறை ஊட்ட விட்டால் பெரும்பாலான மாடுகள் சில நாளில் இறங்கிவரும். ராத்திரியில் கன்றை அவிழ்த்துவிட்டு வராதீர்கள், முட்டிக் கொன்றுவிடும். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், மாட்டின் கண்ணில் படும்படி கட்டுங்கள். அதுவரை கன்று பட்டினி கிடக்கக் கூடாது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், பல வேளையாக.

சொந்தக் கன்று செத்து வேறு கன்றைச் சேர்ப்பதென்றால், செத்த கன்றின் தோலைப் புதுக் கன்றின் முதுகில் சட்டை போலக் கட்டி 3, 4 நாள் விடலாம். நோயில் செத்ததென்றால் அந்தத் தோல் கூடவே கூடாது. முழுத் தோலையும் கட்டினால் நம் வெயிலுக்கு இரண்டாம் நாளே புழு வைக்கும். வயிற்றுப் பக்கத்தைக் கழித்து, முதுகுத் தோலை வால் வரை விட்டால் போதும்.

சிலர் இதற்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். அது பாலை இறக்கும், மாட்டின் மனசை இறக்காது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தும்கூட.

என்ன செய்தும் முட்டினால் கன்றைப் புட்டிப்பாலில் வளர்க்கலாம். ஜெர்சிக் கலப்பு மாடு கன்றில்லாமலும் பால் விடும். ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அவற்றை வைத்திருப்பவர்கள் அணைக்கயிற்றை இன்னும் சில நாள் அவிழ்க்காமல் பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு மாட்டுக்காரர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.