பூட்டுவதற்கு முன்னால்: குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலைக்குச் சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது. இரண்டு வருடம் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்து ஓடிவந்தவன் நான், அதனால் தெரியும். இதைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்க வேண்டாம். ஆனால் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதை மறைக்கப்போவதும் இல்லை.

நானும் இருக்கும் உங்கள் குழுவில் கலைச்சொற்களைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் 'அப்டேட்' என்பதற்கு 'இற்றைப்படுத்தல்' வேண்டுமா, 'புதுப்பித்தல்' போதாதா என்று பேச்சு கிளம்பியது. இற்றை என்றால் இன்று, இன்றைய நிலைக்குக் கொண்டுவருவதுதானே அப்டேட், உரிமத்தைப் புதுப்பிப்பது வேறு விஷயம் என்றார் மூத்தவர் ஒருவர். "காதில் விழும்போதே ஏதோ இற்றுப்போன மாதிரி இருக்கே, திரையில் பார்க்கிறவருக்குப் புரிய வேண்டாமா?" என்றார் ஓர் இளைஞர். இரண்டுமே நல்ல வாதம். மூத்தவர் மறுபடி நீளமாக ஒரு விளக்கம் போட்டார். இளைஞரிடமிருந்து பதில் வந்தது:

"சரிங்க ஐயா."

முற்றுப்புள்ளியோடு. அவ்வளவுதான்.

"என்ன நக்கலா?" என்றார் மூத்தவர். இளைஞர் விளக்கம் சொல்வதற்குள் சம்பந்தமே இல்லாத ஒருவர் கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மை மூன்றைப் போட்டார். இன்னொருவர் "ஐயாவுக்கு பிபி ஏறிடுச்சு" என்றார். அரை மணி நேரத்தில் இற்றையும் போச்சு, புதுப்பித்தலும் போச்சு. யார் எவ்வளவு படித்தவர், யாருக்கு எத்தனை வயது என்று எங்கெங்கோ போனது. நடுநடுவே 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று வரிசையாக நான்கு. அதில் என்ன இருந்திருக்கும் என்று நாமே கற்பனை செய்துகொண்டது, இருந்ததைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். இரவு 11 மணிக்கு, அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று குழு பூட்டப்பட்டது. காலையில் பார்த்தால் இளைஞர் நீக்கப்பட்டிருந்தார். அதற்குக் கீழே, பனித்துளி படிந்த ரோஜாவோடு ஒரு காலை வணக்கம்.

நான் அந்த இளைஞரை அழைத்துப் பேசினேன். "அவர் சொன்னது சரின்னு பட்டுச்சு, அதான் சரின்னு சொன்னேன்" என்றார்.

இது இவர்கள் இரண்டு பேரின் குறை மட்டும் இல்லை, எழுத்திலேயே இருக்கும் குறை. உளவியல் ஆய்வாளர் ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய சகாக்களும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்னஞ்சலில் சொல்வது கிண்டலா, மெய்யா என்பதை 78 சதவீதம் சரியாகப் புரியவைத்துவிடுவோம் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வருமே! அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது நினைத்ததற்கும் நடந்ததற்கும் அவ்வளவு இடைவெளி இல்லை. கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன் 1982இல் :-) என்று பக்கவாட்டில் சிரிக்கும் முகத்தை முன்மொழிந்ததே, வேடிக்கையாக எழுதியதைச் சிலர் மெய்யென்று எடுத்துக்கொண்டதால்தான். இன்று அந்தச் சிரிப்பின் வாரிசுகளே குத்துவதற்குப் பயன்படுகின்றன என்பது தனிக் கதை.

அதனால் என் முதல் கேள்வி உங்களிடம்: "என்ன நக்கலா?" வந்த அந்த நிமிடம் எங்கே போனீர்கள்? இருவரையும் தனித்தனியாக அழைத்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். எழுதிச் சமாதானம் செய்யாதீர்கள், அழையுங்கள். எழுத்தில் வந்த வினைக்கு எழுத்திலேயே மருந்து தேடினால் அது இன்னொரு "சரிங்க ஐயா" ஆகிவிடும்.

அப்புறம், வேடிக்கை பார்த்தவர்கள். மோதிக்கொண்ட இருவரில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. பொம்மை போட்டவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நூறு பேர் முன்னால் பின்வாங்க முடியாமல் செய்தவர் அவர்தான். தனியாக இருந்திருந்தால் மூத்தவர் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்திருப்பார் என்று அடித்துச் சொல்வேன். குழுவிலேயே ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், மோதுபவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

பூட்டவே கூடாது என்று சொல்லவில்லை. டெலிகிராமில் ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வைக்கலாம். ஒரு மணி நேரம் வரைகூட வைக்கலாம். மோசமான ஏற்பாடு இல்லை. 1995இல் வெளிவந்த இணைய நாகரிகக் குறிப்பு ஒன்றிலேயே, உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பூட்டினால் எப்போது திறப்பீர்கள், எந்த வரிக்காகப் பூட்டினீர்கள் என்று சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். 'தனிநபர் தாக்குதல் கூடாது' என்ற பொதுவான அறிவிப்பைப் படித்துவிட்டு இரண்டு பேருமே அது மற்றவருக்குச் சொன்னது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். "படிப்பைப் பற்றி எழுதிய அந்த வரியை எடுத்துவிடுங்கள், சொல்லைப் பற்றி எழுதியது இருக்கட்டும்" என்றால் யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதில் சந்தேகமே வராது. அதை மூத்தவரிடமும் சொல்ல வேண்டும். வயதுக்கு மரியாதை கொடுப்போம், ஐயா என்றே அழைப்போம். அதற்காக விதியில் சலுகை எதற்கு?

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சண்டை வந்துவிட்டது என்பதற்காக அந்தத் தலைப்பையே தடை செய்துவிடாதீர்கள். மாறுபட்டுப் பேசுவதற்கு நம் மொழியில் இலக்கணமே இருக்கிறது. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) உடன்படலும் உண்டு, மறுத்தலும் உண்டு. எனக்குப் பிடித்தது மூன்றாவது: பிறர்தம் மதமேற் கொண்டு களைவு. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று நின்று, அப்புறம் மறுப்பது. இதை விதியாகப் போட வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள். சூடு ஏறும்போது "அவர் சொல்வதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்களேன்" என்று அட்மின் கேட்டாலே போதும். நான் அட்மினாக இருந்தபோது சிலமுறை கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் எரிச்சலடைந்தார்கள். மீதிப் பேர் சொல்ல முயன்று, "அப்படியா சொன்னீங்க?" என்று நின்றார்கள்.

அந்த இளைஞரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் சேர்க்காமல், எங்கள் பக்கமும் அவசரம் இருந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்தவரிடம் நான் பேசிவிட்டேன்; அவருக்கு ஆட்சேபம் இல்லை, கொஞ்சம் சங்கடம்தான் இருக்கிறது. அப்படியே அந்த 'இற்றை' விவாதத்தையும் திறந்துவிடுங்கள். புதுப்பித்தல் பக்கம் சொல்ல என்னிடம் இன்னும் இரண்டு பாயிண்ட் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் அதிகம் பேசாத ஓர் உறுப்பினர்